இரண்டு கம்பிகளில் எட்டு சுவிட்சுகள்: ஐ2சி வழியாக அனலாக் சுவிட்ச் ஐசியை இயக்கத் தொடங்குவோருக்கு

ஒரு ஆடியோ பெருக்கிக்கு நான்கு இடங்களிலிருந்து இசை வருகிறது, அவற்றில் எது உள்ளே போக வேண்டும் என்பதை ஒரு மைக்ரோகண்ட்ரோலர் தீர்மானிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ரிலேக்களைப் பயன்படுத்தலாம், ஆனால் அவை இடத்தை அடைத்துக்கொள்ளும், ஒவ்வொரு முறையும் ஒலி எழுப்பும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டுப்பாட்டுக் கம்பியும் டிரான்சிஸ்டரும் கேட்கும். இந்த வேலையைச் சத்தமில்லாமல், தேய்மானமில்லாமல், இரண்டே கட்டுப்பாட்டுக் கம்பிகளோடு செய்து முடிப்பதற்கென்றே ஐ2சி (ஐசிகள் இரண்டு கம்பிகளில் ஒன்றோடொன்று பேசும் முறை) இடைமுகம் கொண்ட அனலாக் சுவிட்ச் ஐசிகள் இருக்கின்றன. இக்கட்டுரையில் அனலாக் டிவைசஸ் நிறுவனத்தின் ஏடிஜி715 என்ற ஐசியை எடுத்துக்கொண்டு, அதற்கு மின்சாரம் கொடுப்பதிலிருந்து நான்கு ஸ்டீரியோ மூலங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் சுற்றை இயக்குவது வரை படிப்படியாகப் பார்ப்போம்.

இதில் நிரல் எழுதும் பகுதி மிக எளியது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அனுப்ப வேண்டியது ஒரே ஒரு பைட் மட்டுமே. புதியவர்களின் சுற்றுகள் பெரும்பாலும் தடுமாறுவது மின்னழுத்த வரம்புகளில்தான்: கட்டுப்பாட்டுக் கம்பிகளின் மின்னழுத்தம் ஐசி எதிர்பார்க்கும் அளவுக்கு எட்டாமல் போவது ஒன்று, சுவிட்ச் வழியே செல்லும் சமிக்ஞை ஐசியின் மின்வழங்கல் எல்லையைத் தாண்டிப் போவது மற்றொன்று. ஆகவே கணினியைத் திறப்பதற்கு முன் இவ்விரண்டையும் தாளில் கணக்கிட்டு முடிப்பதே சரியான வரிசை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஐசியைத் தேர்ந்தெடுத்தல்

ஏடிஜி715 ஐசிக்குள் ஒன்றோடொன்று தொடர்பில்லாத எட்டு சுவிட்சுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் எஸ், டி என்று இரண்டு முனைகள். எது உள்ளீடு, எது வெளியீடு என்ற வேறுபாடு கிடையாது, சமிக்ஞை இரு திசையிலும் செல்லும். மூடிய நிலையில், அதாவது சமிக்ஞை செல்லும் நிலையில், சுவிட்சின் மின்தடை 5 வோல்ட் மின்வழங்கலில் ஏறத்தாழ 2.5 ஓம், மின்வழங்கல் 3 வோல்ட்டை நெருங்கும்போது இது சில ஓம்கள் கூடும். ஒரு சுவிட்ச் வழியே தொடர்ந்து செல்லக்கூடிய மின்னோட்டத்தின் வரம்பு 30 மில்லி ஆம்பியர். எனவே பெருக்கிக்கு முந்தைய மெலிந்த சமிக்ஞைகளுக்குத்தான் இது ஏற்றது. 8 ஓம் ஒலிபெருக்கிக்கு 1 வாட் அனுப்பவே 350 மில்லி ஆம்பியர் தேவைப்படும் என்பதால், ஒலிபெருக்கிக் கம்பியை இதன் வழியே ஒருபோதும் கொண்டுசெல்லக் கூடாது. 230 வோல்ட் வீட்டு மின்சாரத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

வாங்கும்போது மூன்று குழப்பங்கள் நேரும். முதலாவது, ஏடிஜி714 என்பது இதே எட்டு சுவிட்சுகளைக் கொண்டிருந்தாலும் எஸ்பிஐ என்ற வேறு இடைமுகம் உடையது. கடைசி இலக்கத்தைக் கவனிக்காமல் வாங்கினால் இக்கட்டுரையில் உள்ள எதுவும் அதற்குப் பொருந்தாது. இரண்டாவது, டிசிஏ9548ஏ போன்ற ஐசிகள் ஐ2சி சுவிட்ச் என்ற பெயரிலேயே விற்கப்படுகின்றன. ஆனால் அவை ஒரு ஐ2சி பாட்டையை (பஸ், அதாவது கருவிகள் பகிர்ந்துகொள்ளும் கம்பிகள்) எட்டுக் கிளைகளாகப் பிரிப்பவை, ஆடியோ சமிக்ஞையை அவற்றின் வழியே அனுப்ப முடியாது. மூன்றாவது, ஏடிஜி715 கிடைப்பது 24 கால்கள் கொண்ட டிஎஸ்எஸ்ஓபி உறையில்; கால்களுக்கிடையிலான தொலைவு 0.65 மில்லிமீட்டர் என்பதால் பிரெட்போர்டில் நேராகச் செருக இயலாது. 24 கால் டிஎஸ்எஸ்ஓபி ஐசிக்கான அடாப்டர் பலகையையும் சேர்த்து வாங்கி, நிறைய ஃப்ளக்ஸ் தடவிப் பற்றவைத்து, அடுத்தடுத்த கால்கள் ஒட்டிக்கொண்டுள்ளனவா என்று மல்டிமீட்டரால் ஒவ்வொன்றாகச் சோதித்துவிடுங்கள். இந்தச் சோதனையில் செலவாகும் பத்து நிமிடம் பின்னால் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

பற்றவைப்பைத் தவிர்க்க விரும்புவோர், பிரெட்போர்டில் செருகக்கூடிய பிசிஎஃப்8574 என்ற ஐ2சி விரிவாக்க ஐசியோடு இரண்டு சிடி4066 ஐசிகளை இணைத்து இதே வேலையைச் செய்வதுண்டு. விலை குறைவுதான், கற்பதற்கும் நல்லது. ஆனால் இரண்டு குறைகளைத் தெரிந்துகொண்டே அவ்வழியில் இறங்க வேண்டும். 5 வோல்ட்டில் சிடி4066 சுவிட்சின் மின்தடை சில நூறு ஓம் வரை இருக்கும். அதைவிட முக்கியமாக, மின்சாரம் வந்தவுடன் பிசிஎஃப்8574இன் எல்லாக் கால்களும் உயர்நிலையில் இருக்கும், 4066இன் சுவிட்சுகளோ உயர்நிலையில்தான் மூடும். அதாவது உங்கள் நிரல் ஓடத் தொடங்கும் முன்பே நான்கு மூலங்களும் ஒன்றோடொன்று இணைந்துவிடும். ஏடிஜி715 இதற்கு நேர்மாறானது. மின்சாரம் வந்ததும் எட்டு சுவிட்சுகளும் திறந்த நிலையிலேயே இருக்கும்படி அது வடிவமைக்கப்பட்டுள்ளது. பெருக்கி போன்ற ஒன்றின் முன்னால் வைக்கும் பொருளுக்கு இது பெரிய பாதுகாப்பு.

பாட்டை எவ்வாறு பேசுகிறது

ஐ2சி முறையை 1982இல் பிலிப்ஸ் நிறுவனம் உருவாக்கியது. அதன் குறைக்கடத்திப் பிரிவின் வழிவந்த என்எக்ஸ்பி நிறுவனம் இப்போது அதன் விதிமுறையைப் பராமரிக்கிறது. எஸ்டிஏ என்ற கம்பியில் தரவும் எஸ்சிஎல் என்ற கம்பியில் கடிகாரத் துடிப்பும் செல்கின்றன. இணைந்துள்ள எந்தக் கருவியும் இக்கம்பிகளைக் கீழே, அதாவது கிரவுண்டை நோக்கி, மட்டுமே இழுக்க முடியும். மேலே இழுப்பது புல்-அப் மின்தடையங்களின், அதாவது ஒவ்வொரு கம்பியையும் மின்வழங்கலோடு இணைக்கும் மின்தடையங்களின், வேலை. இந்த ஒரு விதியைப் புரிந்துகொண்டால், புல்-அப் இல்லாத பாட்டை ஏன் செத்துக் கிடக்கிறது என்பதும், இரண்டு கருவிகள் ஒரே நேரத்தில் பேசினாலும் ஏன் எதுவும் எரிவதில்லை என்பதும் தாமாகவே விளங்கும்.

ஓர் உரையாடல் இப்படி நடக்கும்: எஸ்சிஎல் உயர்நிலையில் இருக்கும்போது மைக்ரோகண்ட்ரோலர் எஸ்டிஏவைக் கீழே இழுக்கிறது; இதுவே தொடக்கக் குறி. பிறகு 7 பிட் முகவரியும், எழுதுவதா படிப்பதா என்று சொல்லும் எட்டாவது பிட்டும் செல்கின்றன. ஒன்பதாவது துடிப்பின்போது, அந்த முகவரிக்குரிய ஐசி எஸ்டிஏவைக் கீழே இழுத்துத் தான் இருப்பதை ஒப்புக்கொள்கிறது. பின்னர் தரவு பைட், அதற்கும் ஓர் ஒப்புகை, இறுதியில் எஸ்சிஎல் உயர்ந்திருக்கும்போது எஸ்டிஏ மேலே எழும் முடிவுக் குறி. ஏடிஜி715ஐ இயக்க இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. பல ஐ2சி கருவிகளில் முகவரிக்குப் பின் உள்பதிவகத்தின் எண்ணையும் அனுப்ப வேண்டியிருக்கும். இதில் அப்படி ஒன்று இல்லை, முகவரியைத் தொடர்ந்து வரும் பைட்டே எட்டு சுவிட்சுகளின் நிலை.

அந்த முகவரியின் முதல் ஐந்து பிட்டுகள் 10010 என்று ஐசிக்குள் நிலையாக உள்ளன. கடைசி இரண்டை ஏ1, ஏ0 என்ற கால்கள் தீர்மானிக்கின்றன. இரண்டையும் கிரவுண்டில் இணைத்தால் முகவரி 1001000, பதினாறடிமான எண்முறையில் 48. சில ஆவணங்களும் சில லைப்ரரிகளும் எழுது பிட்டையும் சேர்த்து இதை 8 பிட்டாக, பதினாறடிமானத்தில் 90 என்று குறிக்கும். அர்டுயினோவும் லினக்ஸும் கேட்பது 7 பிட் முகவரியை. ஓரிடத்தில் 90 என்று பார்த்து அதை அப்படியே அர்டுயினோ நிரலில் எழுதினால் ஐசியிடமிருந்து பதில் வராது.

மின்வழங்கலும் கட்டுப்பாட்டு மட்டமும்

ஏடிஜி715ஐ 2.7 முதல் 5.5 வோல்ட் வரையிலான ஒற்றை மின்வழங்கலில் இயக்கலாம். எந்த மின்னழுத்தத்தைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ, அதைப் பொறுத்தே எஸ்டிஏ, எஸ்சிஎல் கம்பிகளின் மட்டங்கள் அமைகின்றன: மின்வழங்கலின் 70 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால்தான் அது உயர்நிலை என்று உறுதியாக ஏற்கப்படும், 30 விழுக்காட்டுக்குக் கீழ் இருந்தால்தான் தாழ்நிலை. ஐசிக்கு 5 வோல்ட் கொடுத்தால் உயர்நிலைக்கு 3.5 வோல்ட் தேவை. இஎஸ்பி32, ராஸ்பெரி பை, ராஸ்பெரி பை பிக்கோ ஆகியவை 3.3 வோல்ட்டில் இயங்குபவை. அவற்றின் கம்பிகளை 5 வோல்ட் ஏடிஜி715உடன் நேரடியாக இணைத்தால் உயர்நிலை 0.2 வோல்ட் குறைவாகவே நிற்கும். இதில் தொல்லை என்னவென்றால், மேசையின் மேல் அது பெரும்பாலும் வேலை செய்துவிடும். வெப்பநிலை மாறும்போதோ, கம்பி நீளும்போதோ, அடுத்த ஐசியை மாட்டும்போதோதான் தவறத் தொடங்கும். வேலை செய்கிறதே என்று விட்டுவிடாதீர்கள்.

இதற்கு மூன்று தீர்வுகள் உள்ளன. அர்டுயினோ ஊனோ ஆர்3 போன்ற 5 வோல்ட் பலகையைப் பயன்படுத்தினால் சிக்கலே இல்லை. தொடக்கத்திற்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். 3.3 வோல்ட் பலகைதான் கையில் இருக்கிறது என்றால், ஏடிஜி715க்கும் 3.3 வோல்ட்டே கொடுக்கலாம்; சுவிட்சின் மின்தடை சிறிது கூடும், சமிக்ஞைக்கான இடம் குறையும், அவ்வளவே. இரண்டும் ஒத்துவராதபோது, பிஎஸ்எஸ்138 போன்ற என்-சேனல் மாஸ்ஃபெட் கொண்ட இருதிசை மட்டமாற்றிப் பலகை ஒன்றை நடுவில் வைக்க வேண்டும். ராஸ்பெரி பையின் கால்கள் 5 வோல்ட்டைத் தாங்காது. ஆகவே ராஸ்பெரி பையோடு நேராக இணைந்த கம்பிகளில் 5 வோல்ட்டுக்கான புல்-அப் எக்காரணம் கொண்டும் இருக்கக் கூடாது.

புல்-அப் மின்தடையத்தின் மதிப்பையும் ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு கருவி கம்பியைக் கீழே இழுக்கும்போது 3 மில்லி ஆம்பியரை ஏற்று 0.4 வோல்ட்டுக்குள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே 5 வோல்ட் பாட்டையில் 4.6 வோல்ட்டை 3 மில்லி ஆம்பியரால் வகுத்தால் கிடைக்கும் சுமார் 1.5 கிலோ ஓம்தான் கீழ் எல்லை. மேல் எல்லையைத் தீர்மானிப்பது கம்பியின் மின்தேக்குத்திறன். புல்-அப் பெரிதாக இருந்தால் கம்பி மெதுவாக மேலே ஏறும். 100 கிலோ ஹெர்ட்ஸ் வேகத்தில் இந்த ஏற்றத்துக்கு 1000 நானோ நொடியும், 400 கிலோ ஹெர்ட்ஸில் 300 நானோ நொடியும்தான் அனுமதி. பிரெட்போர்டு, சிறிய கம்பிகள், ஐசிக் கால்கள் எல்லாம் சேர்ந்து 100 பிக்கோ ஃபாரட் என்று வைத்தால், 4.7 கிலோ ஓம் புல்-அப்புக்கு ஏற்ற நேரம் சுமார் 400 நானோ நொடி. முதல் வேகத்துக்குத் தாராளம், இரண்டாவதற்குப் போதாது. 2.2 கிலோ ஓம் என்றால் சுமார் 190 நானோ நொடி, இரண்டுக்கும் பொருந்தும். நம் வேலைக்கு வேகம் தேவையே இல்லை. 100 கிலோ ஹெர்ட்ஸும் 4.7 கிலோ ஓமும் போதும். அர்டுயினோவின் வயர் லைப்ரரி மைக்ரோகண்ட்ரோலருக்குள் உள்ள புல்-அப்பை இயக்குகிறது என்பது உண்மைதான். ஆனால் அதன் மதிப்பு 20 முதல் 50 கிலோ ஓம் வரை இருக்கும் என்பதால் அதை நம்பி இருக்கக் கூடாது. ராஸ்பெரி பையின் எஸ்டிஏ, எஸ்சிஎல் கால்களில் 1.8 கிலோ ஓம் புல்-அப் பலகையிலேயே இருப்பதால், அங்கு வெளியே எதுவும் சேர்க்க வேண்டாம்.

கம்பி இணைப்பு

விடிடி காலை 5 வோல்ட்டிலும், ஜிஎன்டி, விஎஸ்எஸ் இரண்டையும் கிரவுண்டிலும் இணையுங்கள். விஎஸ்எஸ் என்பது எதிர்மின்வழங்கலுக்கான கால். ஒற்றை மின்வழங்கலில் அதை எதிலும் இணைக்காமல் விட்டுவிடுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. ஐசிக்கு மிக அருகில், விடிடிக்கும் கிரவுண்டுக்கும் இடையே 0.1 மைக்ரோ ஃபாரட் செராமிக் மின்தேக்கி ஒன்று வேண்டும். ஏ0, ஏ1 இரண்டும் கிரவுண்டுக்கு. ரீசெட் கால் தாழ்நிலையில் செயல்படுவது, அதாவது அது கிரவுண்டில் இருக்கும்வரை எல்லா சுவிட்சுகளும் திறந்தே இருக்கும். ஆகவே 10 கிலோ ஓம் வழியாக அதை விடிடியோடு இணைக்க வேண்டும். ஊனோ ஆர்3இல் எஸ்டிஏ என்பது ஏ4 கால், எஸ்சிஎல் என்பது ஏ5 கால். மைக்ரோகண்ட்ரோலரின் கிரவுண்டும் ஐசியின் கிரவுண்டும் கட்டாயம் இணைந்திருக்க வேண்டும்.

மின்சாரம் கொடுத்ததும், எந்த நிரலும் ஓடாத நிலையில், எஸ்டிஏ, எஸ்சிஎல் இரண்டையும் மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். இரண்டும் விடிடியின் மின்னழுத்தத்திலேயே நிற்க வேண்டும். ஏதேனும் ஒன்று பூச்சியத்தில் இருந்தால் புல்-அப் இல்லை, அல்லது பற்றவைப்பில் கால்கள் ஒட்டியுள்ளன. பூச்சியத்துக்கும் விடிடிக்கும் நடுவில் ஓரிடத்தில் நின்றால் எங்கோ வேறொன்று கம்பியை இழுக்கிறது. இதைச் சரிசெய்யாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

முதல் தொடர்பு

அர்டுயினோவில் வயர் லைப்ரரியோடு வரும் ஐ2சி ஸ்கேனர் எடுத்துக்காட்டு நிரலை ஏற்றுங்கள். அது எல்லா முகவரிகளையும் ஒவ்வொன்றாக அழைத்து, ஒப்புகை வந்த முகவரிகளை மட்டும் பட்டியலிடும். ராஸ்பெரி பை என்றால் ஐ2சி-டூல்ஸ் தொகுப்பிலுள்ள ஐ2சிடிடெக்ட் கட்டளை இதே வேலையைச் செய்யும். பதினாறடிமான 48 தெரிந்தால் பாட்டை முழுதும் சரியாக உள்ளது என்று பொருள். 49, 4ஏ, 4பி ஆகியவற்றில் ஒன்று தெரிந்தால் ஏ0 அல்லது ஏ1 கிரவுண்டைத் தொடவில்லை. எதுவுமே தெரியாவிட்டால் எஸ்டிஏவும் எஸ்சிஎல்லும் இடம் மாறியுள்ளனவா என்று பாருங்கள். அடாப்டர் பலகையில் ஐசியைத் திருப்பிப் பற்றவைத்திருக்கவும் வாய்ப்புண்டு.

இங்கே ஒரு முகவரி மோதலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்எம்75 வெப்பநிலை உணரியும், ஏடிஎஸ்1115 என்ற அனலாக்-டிஜிட்டல் மாற்றியும் இதே 48இல் தொடங்கும் முகவரிகளைத்தான் பயன்படுத்துகின்றன. அவற்றில் ஒன்று ஏற்கெனவே பாட்டையில் இருந்தால், ஏடிஜி715இன் ஏ0 காலை விடிடிக்கு மாற்றி முகவரியை 49 ஆக்கிவிடுங்கள்.

முதல் சுவிட்ச்

தரவு பைட்டின் மிகக் குறைந்த மதிப்புடைய பிட் முதல் சுவிட்சுக்கும், மிக உயர்ந்த மதிப்புடைய பிட் எட்டாவது சுவிட்சுக்கும் உரியவை. பிட் 1 என்றால் சுவிட்ச் மூடும், 0 என்றால் திறக்கும். ஆகவே 1 என்ற எண்ணை அனுப்பினால் முதல் சுவிட்ச் மட்டும் மூடும், 128 என்றால் எட்டாவது மட்டும், 255 என்றால் எல்லாம், 0 என்றால் ஒன்றுமில்லை.

இதைச் சோதிக்க, எஸ்1 காலை 1 கிலோ ஓம் வழியாக 5 வோல்ட்டிலும், டி1 காலை 10 கிலோ ஓம் வழியாகக் கிரவுண்டிலும் இணைத்து, டி1இல் மல்டிமீட்டரை வையுங்கள். நிரலில் வயர் லைப்ரரியைத் தொடங்கி, பிகின்டிரான்ஸ்மிஷன் செயற்கூறுக்கு முகவரியைக் கொடுத்து, ரைட் மூலம் 1ஐ எழுதி, எண்ட்டிரான்ஸ்மிஷனால் முடியுங்கள். டி1இல் சுமார் 4.5 வோல்ட் தெரிய வேண்டும். 0ஐ அனுப்பினால் அது பூச்சியத்துக்கு இறங்க வேண்டும். இரண்டையும் ஒரு நொடி இடைவெளியில் மாறி மாறி அனுப்பும் சிறு நிரலை ஓடவிட்டு, எட்டு சுவிட்சுகளையும் இவ்வாறு ஒவ்வொன்றாகச் சோதித்துவிடுங்கள். சுவிட்சின் மின்தடையை மல்டிமீட்டரின் ஓம் வரம்பில் நேரடியாக அளப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எஸ், டி கால்கள் எதனோடும் இணையாமல் மிதக்கும்போது மீட்டர் கொடுக்கும் மின்னழுத்தம் கிரவுண்டைப் பொறுத்து எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது.

எண்ட்டிரான்ஸ்மிஷன் திருப்பித் தரும் எண்ணைப் பார்க்காமல் விடாதீர்கள். 0 என்றால் வெற்றி. 2 என்றால் முகவரிக்கு ஒப்புகை வரவில்லை. 3 என்றால் முகவரி ஏற்கப்பட்டுத் தரவு ஏற்கப்படவில்லை. இந்த ஓர் எண், பிழை எந்த இடத்தில் என்பதைப் பாதி சொல்லிவிடும்.

ஆடியோ சமிக்ஞையை வரம்புக்குள் கொண்டுவருதல்

இதுதான் இவ்வேலையின் மையம். அனலாக் சுவிட்ச் வழியே செல்லும் சமிக்ஞை எப்போதும் விஎஸ்எஸ்சுக்கும் விடிடிக்கும் இடையில் இருக்க வேண்டும். ஒற்றை 5 வோல்ட் மின்வழங்கலில் அது 0 முதல் 5 வோல்ட் வரை. ஆனால் ஆடியோ சமிக்ஞை பூச்சியத்தைச் சுற்றி மேலும் கீழும் அலைவது. அதன் பாதி அலை எதிர்மின்னழுத்தத்தில் இருக்கும். அதை அப்படியே கொடுத்தால், ஐசிக்குள் இருக்கும் பாதுகாப்பு டயோடுகள் கீழ்ப்பாதியை வெட்டிவிடும். காதில் விழுவது கரகரப்பு. ஐசிக்குள் பாய்வது அது தாங்க விரும்பாத மின்னோட்டம்.

ஆகவே ஒவ்வொரு சமிக்ஞையையும் 2.5 வோல்ட்டுக்கு உயர்த்த வேண்டும். இரண்டு 10 கிலோ ஓம் மின்தடையங்களை 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே தொடராக இணைத்தால் நடுவில் 2.5 வோல்ட் கிடைக்கும். அந்த நடுப்புள்ளிக்கும் கிரவுண்டுக்கும் இடையே 47 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி வேண்டும். இந்த மின்தேக்கியை விட்டுவிட்டால் யுஎஸ்பி மின்வழங்கலின் இரைச்சல் முழுதும் அங்கிருந்து நேராக இசைக்குள் வரும். இனி ஒவ்வொரு உள்ளீட்டையும் 1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி வழியாக அதற்குரிய எஸ் காலில் இணைத்து, அந்தக் காலை 100 கிலோ ஓம் வழியாக நடுப்புள்ளியில் இணையுங்கள். டி1, டி3, டி5, டி7 நான்கையும் ஒன்றுசேர்த்தால் இடது வெளியீடு. டி2, டி4, டி6, டி8 சேர்ந்தால் வலது. இவ்விரு வெளியீட்டுப் புள்ளிகளுக்கும் நடுப்புள்ளியோடு தனித்தனியே 100 கிலோ ஓம் இணைப்பு கட்டாயம் வேண்டும். சுவிட்சின் இரு பக்கமும் ஒரே 2.5 வோல்ட்டில் நின்றால்தான் மூடும்போது திடீர் மின்னழுத்த மாற்றம் நேராது, ஒலிபெருக்கியில் ‘டப்’ என்ற ஓசை எழாது. பிறகு ஒவ்வொரு வெளியீட்டையும் ஒரு மின்தேக்கி வழியாகப் பெருக்கிக்குக் கொண்டுசெல்லலாம். பெருக்கியின் உள்ளீட்டு மின்தடை 47 கிலோ ஓம் என்றால் 1 மைக்ரோ ஃபாரட்டும், 10 கிலோ ஓம் என்றால் 4.7 மைக்ரோ ஃபாரட்டும் போதும். எலெக்ட்ரோலிடிக் வகையானால் நேர்முனை ஐசியின் பக்கம் இருக்க வேண்டும்.

அடுத்தது சமிக்ஞையின் உயரம். செல்பேசி போன்ற மூலங்கள் 1 வோல்ட் ஆர்எம்எஸ் (மாறும் மின்னழுத்தத்தின் பயனுறு மதிப்பு) அளவில் நிற்பவை; அதன் உச்சிக்கு உச்சி அளவு 2.83 வோல்ட், 5 வோல்ட்டுக்குள் நன்றாக அடங்கும். ஆனால் பல சிடி பிளேயர்களும், டிஜிட்டல் இசையை அனலாக் சமிக்ஞையாக மாற்றும் டிஏசி கருவிகளும் முழு ஒலியில் 2 வோல்ட் ஆர்எம்எஸ் தருகின்றன. அதன் உச்சிக்கு உச்சி அளவு 5.66 வோல்ட், நம் ஐசியின் முழு எல்லையையும் தாண்டிவிடும். மெதுவான இசையில் எல்லாம் சரியாக ஒலித்து, உரத்த இடங்களில் மட்டும் சிதைவு கேட்டால் காரணம் இதுவே. அத்தகைய உள்ளீடுகளில் மின்தேக்கிக்கு முன்னால் இரண்டு 10 கிலோ ஓம் மின்தடையங்களால் ஒரு பகுப்பான் அமைத்து, சமிக்ஞையைப் பாதியாக்கிவிடுங்கள். பகுப்பான் தேவைப்படாத உள்ளீடுகளில் தொடராக 1 கிலோ ஓம் வையுங்கள். உங்கள் சுற்றுக்கு மின்சாரம் இல்லாதபோதும் சிடி பிளேயர் ஓடிக்கொண்டிருக்கலாம். அப்போது பாதுகாப்பு டயோடுகள் வழியே ஐசிக்குள் புகும் மின்னோட்டத்தை இந்த மின்தடைகள்தான் கட்டுப்படுத்தும்.

சுவிட்சின் 2.5 ஓம் மின்தடை ஒலியைக் கெடுக்குமா என்று பலர் கவலைப்படுவதுண்டு. கெடுக்காது. சமிக்ஞையின் மின்னழுத்தத்தைப் பொறுத்து அந்த மின்தடை மாறும் அளவு 0.6 ஓம் போன்றதுதான். 10 கிலோ ஓம் சுமையின் முன் அது ஒரு பொருட்டே அல்ல. 100 ஓம் போன்ற சிறிய சுமைக்கு இதே சுவிட்சைப் பயன்படுத்தினால்தான் 2 விழுக்காட்டுக்கு மேல் சமிக்ஞை இழப்பு வரும்.

ஏடிஜி715ஐ நேர் 2.5, எதிர் 2.5 என்ற இரட்டை மின்வழங்கலிலும் இயக்கலாம், அப்போது இந்த உயர்த்தல் எதுவும் தேவைப்படாது. ஆனால் விடிடி 2.5 வோல்ட் ஆகிவிடுவதால் 5 வோல்ட் மைக்ரோகண்ட்ரோலரை நேராக இணைக்க முடியாது. முதல் சுற்றுக்கு ஒற்றை மின்வழங்கலே நல்லது.

தேர்வு நிரல்

ஒவ்வொரு மூலத்துக்கும் அடுத்தடுத்த இரண்டு சுவிட்சுகள் என்பதால், நான்கு மூலங்களுக்கான பைட்டுகள் 3, 12, 48, 192 என்று அமையும். இங்குள்ள 48 சாதாரணப் பதின்ம எண். முகவரியான பதினாறடிமான 48உடன் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இந்த நான்கையும் ஓர் அணியில் வைத்துக்கொண்டு, மூலத்தின் எண்ணை வாங்கி உரிய பைட்டை அனுப்பும் செயற்கூறு ஒன்றை எழுதுங்கள்.

மூலத்தை மாற்றும்போது பழைய சுவிட்ச் திறந்த பிறகே புதியது மூட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு கருவிகளின் வெளியீடுகள் ஒரு கணம் ஒன்றோடொன்று இணையும். ஏடிஜி715 இதற்கு அழகான வழி தருகிறது: முகவரியை ஒருமுறை அனுப்பிவிட்டு எத்தனை பைட்டுகளை வேண்டுமானாலும் தொடர்ந்து எழுதலாம், ஒவ்வொரு பைட் வந்ததும் சுவிட்சுகள் அந்தந்த நிலைக்கு மாறும். எனவே ஒரே பரிமாற்றத்தில் முதலில் 0, அடுத்து புதிய பைட் என்று இரண்டை எழுதினால் போதும். 100 கிலோ ஹெர்ட்ஸில் ஒரு பைட்டுக்கு ஒப்புகையோடு சேர்த்து 90 மைக்ரோ நொடி ஆகும். இரண்டு மூலங்களும் இணையாமல் இருக்க அந்த இடைவெளி தாராளம்.

தனித்தனி சுவிட்சுகளை மாற்ற வேண்டிய பிற திட்டங்களில், இப்போதைய நிலையை ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, மூட வேண்டிய பிட்டை ‘அல்லது’ (ஆர்) செயலாலும், திறக்க வேண்டியதை ‘மறுப்பு’ (நாட்), ‘மற்றும்’ (ஆண்ட்) செயல்களைச் சேர்த்தும் மாற்றி, முழு பைட்டையும் மீண்டும் அனுப்ப வேண்டும். ஐசியிடமிருந்து நிலையைத் திரும்பப் படிக்கவும் முடியும். ரெக்வெஸ்ட்ஃப்ரம் மூலம் ஒரு பைட் கேட்டால் அது தன் பதிவகத்தில் உள்ளதைத் தரும். சில நொடிகளுக்கு ஒருமுறை இவ்வாறு படித்து மாறியோடு ஒப்பிட்டு, வேறுபட்டிருந்தால் மீண்டும் எழுதுவது நல்ல பழக்கம். மின்வழங்கல் ஒரு கணம் இறங்கி ஐசி மட்டும் தொடக்க நிலைக்குத் திரும்பியிருந்தால் அது இப்படித்தான் தெரியவரும்.

மின்சாரம் வந்ததும் உடனே மூலத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். மின்தேக்கிகள் 2.5 வோல்ட்டுக்கு ஏறி நிலைகொள்ள இரண்டு மூன்று நொடிகள் ஆகும். அதுவரை சுவிட்சுகள் தாமாகவே திறந்திருக்கின்றன என்பதால் நிரல் காத்திருந்தாலே போதும்.

பாட்டை உறைந்துபோனால்

நன்றாக ஓடிக்கொண்டிருந்த சுற்றில் திடீரென எல்லாத் தொடர்பும் அறுந்து, எஸ்டிஏ தாழ்நிலையிலேயே நிற்பதைக் காணலாம். ஒரு கருவியிலிருந்து படித்துக்கொண்டிருக்கும்போது மைக்ரோகண்ட்ரோலர் மட்டும் மறுதொடக்கம் ஆகிவிட்டால், அந்தக் கருவி அடுத்த துடிப்புக்காக எஸ்டிஏவைப் பிடித்துக்கொண்டே காத்திருக்கும். இதற்கு ஐ2சி விதிமுறையே வழி சொல்கிறது: எஸ்சிஎல் கம்பியில் ஒன்பது துடிப்புகளைக் கொடுத்தால், அதற்குள் எங்கோ ஓரிடத்தில் அந்தக் கருவி எஸ்டிஏவை விட்டுவிடும், பிறகு முடிவுக் குறியை அனுப்பிப் பாட்டையை மீட்கலாம். வயர் லைப்ரரியைத் தொடங்கும் முன் இந்த ஒன்பது துடிப்புகளைக் கையால் கொடுக்கும் சில வரிகளை நிரலின் தொடக்கத்திலேயே வைத்துவிடுங்கள். ரீசெட் காலை 10 கிலோ ஓம் வழியாக விடிடிக்கு இணைத்ததோடு நிற்காமல் மைக்ரோகண்ட்ரோலரின் ஒரு காலுக்கும் கொண்டுசென்றிருந்தால், பாட்டை உறைந்த நிலையிலும் எட்டு சுவிட்சுகளையும் அந்த ஒரு கம்பியால் திறந்துவிட முடியும்.

எட்டு சுவிட்சுகள் போதாதபோது ஏ0, ஏ1 கால்களை வெவ்வேறு விதமாக இணைத்து ஒரே பாட்டையில் நான்கு ஐசிகள், அதாவது 32 சுவிட்சுகள் வரை சேர்க்கலாம். அப்போது புல்-அப் ஒரு தொகுதி மட்டுமே இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். கடையில் வாங்கும் சிறு பலகைகள் பலவற்றில் புல்-அப் ஏற்கெனவே இருக்கும், 4.7 கிலோ ஓம் கொண்ட நான்கு பலகைகள் பக்க இணைப்பில் சேர்ந்தால் சுமார் 1.2 கிலோ ஓம் ஆகி, மேலே கணக்கிட்ட 1.5 கிலோ ஓம் என்ற கீழ் எல்லைக்கும் கீழே போய்விடும். ஒன்றில் மட்டும் விட்டுவிட்டு மற்றப் பலகைகளிலிருந்து அவற்றைக் கழற்றிவிடுவதே முறை.